தர்மதலாவில் தங்கினால் எந்த நேரத்தில் எங்கே சாப்பிடலாம்: என் பல வருடக் கொல்கத்தா அனுபவம்

2013 முதல் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கொல்கத்தாவுக்குப் போய்வருகிறேன். திருப்பூரில் எனக்குப் பனியன் துணி கமிஷன் வியாபாரம். படாபஜாரில் வசூல், ஆர்டர், பழைய கணக்கை நேர் செய்வது என்று ஒவ்வொரு பயணத்திலும் நான்கைந்து நாள் வேலை இருக்கும். தங்குவது எப்போதும் தர்மதலா பக்கம், சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் ஒரு லாட்ஜில். அறை வாடகையில் உணவு சேராது. மூன்று வேளையும் வெளியேதான் சாப்பிட வேண்டும்.

அந்த லாட்ஜிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் எட்டிவிடும் தூரத்துக்குள், இந்தியாவிலேயே சிறந்த சாப்பாடுகளில் சில கிடைக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் நான் தெருக்களை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன். கொல்கத்தாவில் ஒவ்வொரு தெருவுக்கும் அதற்கென்று ஒரு சாப்பாட்டு நேரம் உண்டு. அந்த நேரத்தில் போனால் விருந்து. இரண்டு மணி நேரம் தள்ளிப் போனால் அதே கடையில் ஆறிய சோறு.

முதல் பயணம் இன்றும் நினைவிருக்கிறது. படாபஜார் வேலை முடிந்து திரும்பியபோது மணி மூன்றரை. கைபேசியில் 'அருகில் உள்ள உணவகம்' என்று தேடினேன். நிறைய நட்சத்திரங்களோடு முதலில் வந்த இடத்துக்குப் போனேன். குளிரூட்டிய அறை, தடித்த மெனு அட்டை, உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை. காலையில் வடித்துத் திரும்பச் சூடாக்கிய சோறும், மேலே எண்ணெய் திரண்டு நின்ற மீன் குழம்பும் வந்தன. இரவு முழுவதும் வயிறு சரியில்லை. அடுத்த பயணத்தில் வேறொரு லாட்ஜில் தங்கி வரவேற்பு மேசையில் கேட்டேன். வெளியூர்க்காரர்களை எங்கே அனுப்புவது வழக்கமோ அங்கேயே என்னையும் அனுப்பினார்கள். வங்காளத்தில் உட்கார்ந்துகொண்டு பனீர் பட்டர் மசாலா சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த ஊரில் அப்படி ஒரு வேளையை வீணாக்கியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வழி திறந்தது நான்காம் வருடம். லாட்ஜில் அறை துடைக்க வரும் ஒரு மேதினிபூர் மாவட்டத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், மதியம் பன்னிரண்டரைக்கு வாளியை ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்புவதைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் "தாதா, ஆப்னி கொதாய் கான்?" என்று கேட்டேன். அண்ணே, நீங்கள் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று பொருள். அதுவரை எல்லோரிடமும் 'இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்' என்றுதான் கேட்டிருந்தேன். அப்படிக் கேட்டால் விருந்தாளிக்கு ஏற்ற இடம் எது என்று யோசித்துப் பதில் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. "வாருங்கள்" என்று கையைக் காட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

லாட்ஜின் பின்புறச் சந்துக்குள் சந்து. பெயர்ப் பலகை வங்காளத்தில் மட்டும். பைஸ் ஹோட்டல் என்று சொல்கிறார்களே, அந்த வகை. நம் ஊர் போலவே அங்கும் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடைதான். ஒரு ரூபாய்க்கு 64 பைசா என்று இருந்த பழைய கணக்கில், அந்தப் பைசாக்களைக் கொடுத்து மாணவர்களும் வேலைக்கு வந்தவர்களும் வயிறார உண்ட இடங்கள் என்பதால் அந்தப் பெயர். இன்றும் அவற்றில் அச்சடித்த மெனு இருக்காது. காலையில் சந்தையில் என்ன மீன் கிடைத்ததோ அது கரும்பலகையில் சாக்பீஸால் எழுதப்படும். தீர்ந்தது தீர்ந்ததுதான், அந்த வரியை ஈரத்துணியால் அழித்துவிடுவார்கள். நான் உட்கார்ந்த பத்து நிமிடத்தில் இரண்டு வரிகள் அழிந்தன. அந்தப் பலகையைப் பார்த்ததுமே, முந்தைய பயணங்களில் மூன்றரை மணிக்கு நான் தேடிக்கொண்டிருந்தது கொல்கத்தாவில் இல்லாத ஒன்றை என்று புரிந்துவிட்டது.

வாழை இலை போட்டார்கள். ஓரத்தில் உப்பு, ஒரு துண்டு எலுமிச்சை, பச்சை மிளகாய். முதலில் சுக்தோ: பாகற்காய், முருங்கைக்காய், வாழைக்காய் எல்லாம் சேர்ந்த, மெல்லிய கசப்புள்ள கூட்டு. கசப்பில் தொடங்குவது அவர்கள் முறை. பிறகு பருப்பு, பொரியல், வாழைப்பூவை உருளைக்கிழங்கோடு சமைத்த மொச்சார் கொண்டோ. அதற்குப் பிறகுதான் மீன். அன்று எனக்குக் கிடைத்தது பாப்தா. எலும்பு அதிகம் இல்லாத, வெண்ணெய் போன்ற சதையுள்ள மீன், தண்ணீர் போன்ற குழம்பில், மேலே கருஞ்சீரகமும் கொத்தமல்லியும் மிதக்க. கடுகு எண்ணெயின் காரம் மூக்கில் ஏறியது. கடைசியில் தக்காளி இனிப்புச் சட்னியும் அப்பளமும். வாழைப்பூவும் வாழை இலையும் முருங்கைக்காயும் நமக்கு எத்தனை பழகியவை! ஆனாலும் அந்தக் கசப்பும் கடுகு எண்ணெயும் சேர்ந்த சுவை எனக்கு முற்றிலும் புதியது. வீட்டை விட்டு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஊர் நினைவும் அயலூரின் ருசியும் ஒரே இலையில் வந்து சேர்ந்தது போல இருந்தது.

கை கழுவிவிட்டுக் கல்லாப்பெட்டி அருகே போனால், பரிமாறியவர் தூரத்திலிருந்தே நான் சாப்பிட்டதை ஒவ்வொன்றாக ராகம் போட்டுச் சொல்கிறார்: பாத் (சோறு), டால் (பருப்பு), சுக்தோ, பாப்தா, சட்னி, இலை. ஆம், இலைக்கும் தனியாகச் சில ரூபாய் கணக்கு உண்டு. முதலாளி மனக்கணக்காகக் கூட்டித் தொகையைச் சொல்லிவிட்டார். எதிர் வரிசையில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் சாந்தினி சந்தையில் வேலை செய்பவர்கள், பக்கத்து அலுவலகக் குமாஸ்தாக்கள். தினமும் சொந்தக் காசில் சாப்பிடுபவர்கள் அவர்கள். அவர்களிடம் ஒரு நாள் பழைய மீனைப் போட்டால் மறுநாள் கடை காலியாகிவிடும். நான் நம்பும் தரச்சான்று இது ஒன்றுதான்.

இந்த வகையில் பெயர் பெற்ற இடங்களும் உண்டு. ஜான்பஜார் பக்கத்தில் சித்தேஸ்வரி ஆசிரமம், ராஷ்பிஹாரி அவென்யூவில் தருண் நிகேதன், காலேஜ் தெரு அருகே ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல். கடைசியாகச் சொன்ன இடத்தில் மாணவப் பருவத்தில் சுபாஷ் சந்திர போஸ் சாப்பிட்டதாகக் கடைக்காரர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். எங்கே போனாலும் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றே காலுக்குள் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்ததும் "ஆஜ் கீ மாச்?" என்று கேட்பேன், இன்றைக்கு என்ன மீன் என்று. பலகையைப் படிக்கத் தெரியாவிட்டாலும் இந்தக் கேள்வி போதும். மழைக்காலத்தில் போகிறவர்கள் இலீஷ் இருக்கிறதா என்று கேளுங்கள். நாம் உள்ளம் என்று சொல்லும் மீன்தான் அது. முள் மிக நுண்ணியது. அவசரமாகச் சாப்பிட வேண்டாம்.

மதியத்தை விட்டால் அடுத்து எனக்குப் பிடித்தது காலை. லாட்ஜைச் சுற்றியுள்ள இனிப்புக் கடைகளில் காலை ஏழு மணி முதல் கச்சூரி சுடுவார்கள். பெருங்காயம் மணக்கும் சிறிய உப்பிய பூரி, கூடவே உருளைக்கிழங்குக் கறி, தொன்னையில். பக்கத்திலேயே ஜிலேபி. ஒன்பதரைக்கு மேல் எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிடுவார்கள், பிறகு அது வெறும் இனிப்புக் கடை.

ஞாயிறு காலை என்றால் ஆறு மணிக்கே எழுந்து போத்தார் கோர்ட் கட்டடத்தை நோக்கி நடப்பேன். டிரெட்டா பஜார் அது, கொல்கத்தாவின் பழைய சீனர் குடியிருப்பு. அங்குள்ள சீனக் குடும்பங்கள் தெருவோரத்தில் ஆவி பறக்கும் பாவ் (உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த பன்), மீன் உருண்டை சூப், மோமோ விற்கிறார்கள். எட்டரைக்குப் போனால் காலிப் பாத்திரங்களைத்தான் பார்க்கலாம். வருடந்தோறும் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பல குடும்பங்கள் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அந்தச் சூப்பைக் குடிக்கும்போதெல்லாம் அடுத்த பயணத்தில் இது இருக்குமோ என்ற கவலை எனக்கு வருகிறது.

வேலை நாட்களில் மதியம் மீன் வேண்டாம் என்று தோன்றினால் டேக்கர்ஸ் லேன். ஜேம்ஸ் ஹிக்கி சரணி என்று பெயர் மாற்றிவிட்டார்கள், 1780இல் இந்தியாவின் முதல் அச்சுச் செய்தித்தாளை நடத்திய ஹிக்கியின் நினைவாக. ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அலுவலகம் போகிறவர்களுக்காகவே உருவான சந்து. சித்தபாபு கடையின் கோழி ஸ்டூவும் வாட்டிய ரொட்டியும் எனக்கு மிகவும் பிடிக்கும். பப்பாளிக்காயும் காரட்டும் வெந்த தெளிந்த சாறு, மேலே உருகும் வெண்ணெய். முந்தைய இரவு அதிகமாகச் சாப்பிட்டிருந்தால் அதைவிட இதமான மருந்து இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் சந்தே ஓய்ந்து கிடக்கும். நான் ஒருமுறை போய் ஏமாந்தேன்.

இரவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது எல்லோரும் எழுதுவதுதான். சாந்தினியில் சபீர் ஹோட்டலின் ஆட்டு ரெசாலா, தயிர் சேர்ந்த வெள்ளைக் குழம்பு, காய்ந்த மிளகாய் மிதக்கும். நியூ மார்க்கெட்டில் நிஜாம்ஸ், கபாபைப் பரோட்டாவில் சுருட்டித் தரும் காட்டி ரோல் பிறந்த இடம். காட்டி என்றால் குச்சி, கபாப் கோத்துச் சுடும் குச்சி. பிரியாணியில் உருளைக்கிழங்கு இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். 1856இல் அவத் (லக்னோ) நவாப் வாஜித் அலி ஷா நாடிழந்து கொல்கத்தாவின் மெட்டியாபுருஜுக்கு வந்தபோது அவரோடு வந்த சமையல், கொல்கத்தாவில் எடுத்த வடிவம் அது. இறைச்சிச் சாற்றை முழுதாகக் குடித்த அந்தக் கிழங்குக்காகவே நான் பிரியாணி வாங்குகிறேன்.

சைவம் மட்டும் சாப்பிடும் என் பங்காளி ஒருவர் இரண்டு முறை கூட வந்தார். மதியத்துக்கு அவரைப் படாபஜாரின் மார்வாடி பாசாவுக்கு அழைத்துப் போனேன். வியாபாரிகளுக்காக நடக்கும் சாப்பாட்டு மெஸ் அது. நெய் தடவிய புல்கா, பருப்பு, இரண்டு காய், போதும் என்று சொல்லும்வரை பரிமாறுவார்கள். மூன்றாம் நாள் அவர் இட்லிக்கு ஏங்கினார். மெட்ரோவில் காளிகாட் இறங்கி லேக் மார்க்கெட் போனோம். பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் பகுதி. மல்லிகைச் சரமும் வெற்றிலையும் விற்கும் கடையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. இட்லி நன்றாகவே இருந்தது.

கைபேசி வரைபடத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. நட்சத்திரங்களைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். எந்த மணியில் கூட்டம் என்று காட்டும் பட்டைப் படத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். பகல் ஒரு மணிக்குப் பட்டை செங்குத்தாக ஏறி மூன்று மணிக்குள் சரிந்துவிட்டால் அது அன்றாடம் சமைத்துத் தீர்க்கும் கடை. நாள் முழுவதும் ஒரே உயரமாக இருந்தால் பெரும்பாலும் குளிர்பெட்டிச் சமையல். பிறகு வங்காளத்தில் எழுதியிருக்கும் விமர்சனங்களை மட்டும் மொழிபெயர்த்துப் படிக்கிறேன். 'ஞாயிறு மூடல்', 'இரண்டு மணிக்கு மேல் மீன் இல்லை' போன்ற உபயோகமான செய்தி அவற்றில்தான் கிடைக்கிறது. படங்களில் தட்டைப் பார்க்க மாட்டேன், சுவரில் கரும்பலகை தெரிகிறதா என்று பார்ப்பேன்.

தண்ணீர் மட்டும் எங்கே சாப்பிட்டாலும் என் பாட்டிலில் இருப்பதுதான். மண் குவளைத் தேநீர் எத்தனை வேண்டுமானாலும் குடிக்கலாம், கொதித்து வருவது.

கடைசியாகப் போன ஆவணியில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மூன்று மணி நேரத் தாமதம். ஷாலிமார் நிலையத்தில் இறங்கி, லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுப் பின்புறச் சந்துக்கு ஓடியபோது மணி மூன்றுக்கு அருகில். பெஞ்சுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கரும்பலகையில் ஒரு வரி கூட மிச்சமில்லை. பரிமாறுபவர் என்னை அடையாளம் கண்டு ஒரு பெஞ்சை நிமிர்த்திப் போட்டார். அவர்கள் தங்களுக்காக எடுத்து வைத்திருந்த சோறும் பருப்பும், கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கும் வந்தன. சாப்பிட்டு எழுந்தபோது அவர் கல்லாவைப் பார்த்து ராகம் போட்டார்: பாத், டால், ஆலு போஸ்தோ. இலையைச் சேர்க்கவில்லை.