மலைவீட்டில் சந்தனத் தூபம்: பத்தியா, கூம்பா?

கொடைக்கானல், ஊட்டி ஈரக்காற்றில் சந்தனத்தூளும், அதை ஒட்டவைக்கும் மரப்பட்டைத் தூளான ஜிகட்டும் வாங்கி வைத்துவிட்டு, எதைச் செய்வது என்று குழம்புபவர்களுக்கு.

கலவை: கூம்புக்கு 10 ஸ்பூன் சந்தனத்தூளுக்கு 2 ஸ்பூன் ஜிகட் போதும். பத்திக்கு 4 வேண்டும். குறைந்தால் மாவு குச்சியைப் பிடிக்காமல் உதிரும். இரண்டுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள்.

கைப்பழக்கம்: கூம்பு விரலாலேயே வந்துவிடும். பத்தியை மூங்கில் குச்சியில் சீராக உருட்டப் பழக வேண்டும்.

உலர்த்தல்: வெற்றியும் தோல்வியும் இங்கேதான். பத்தி மெலிசு, மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். மூடுபனி நாட்களில் கூம்பின் அடிப்பாகம் ஒரு வாரம் தாண்டியும் ஈரமாகவே இருக்கும். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் மேற்பரப்பு முதலில் சுருங்கி வெடிக்கும். டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் சல்லடைமேல் படுக்கவைத்து தினமும் திருப்புங்கள். பாதியில் அணைந்த கூம்பை உடைத்தால் நடுவில் ஈரம் அடர்நிறமாகத் தெரியும்.

மணம்: கூம்பில் மூங்கில் எரியும் வாடை இல்லை. நல்ல சந்தனத்துக்குக் கொடுக்கும் விலைக்கு இது பெரிய விஷயம்.

மழைக்காலத்தில் செய்பவர்கள் பத்தியே உருட்டுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் கிடைக்கும்போது, சுத்தமான சந்தன மணம் வேண்டுபவர்களுக்குக் கூம்பு.