பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் நாட் டூல்: எமரால்டு குளிரில் பாஸா, ஃபெயிலா?

பிரெய்டு என்பது தூண்டிலின் பின்னல் நரம்பு, லீடர் என்பது அதன் முனையில் கட்டுகிற இன்னொரு நரம்பு. இரண்டையும் முடிச்சுப் போட உதவும் சின்னக் கருவிதான் இது. கை விறைக்கும் ஊரில் மீன் பிடிப்பவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். சமவெளிக்காரர்களுக்குத் தேவையில்லை, பல்லும் விரலும் போதும்.

ஆன்லைனில் 380 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் கம்பெனிப் பெயர் எதுவும் பெரிதாக இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற நீல பிளாஸ்டிக் சமாச்சாரம். அதன் இரண்டு கைகளையும் விரித்தால் வில் மாதிரி நிற்கும். இரண்டு நுனியிலும் பிளவு வைத்த சிலிக்கான் ரப்பர். அந்தப் பிளவுகளில் பிரெய்டைச் சொருகி இழுத்துக் கட்டிவிட்டு, குறுக்கே லீடரை மேலும் கீழுமாகப் பின்ன வேண்டும். லீடரைச் சுற்றிப் பிரெய்டைப் பின்னுகிற எஃப்.ஜி. என்ற முடிச்சுக்கென்றே செய்தது.

எனக்கு நீலகிரியில் இருக்கிற எமரால்டில் தையல் கடை. கொழுந்தனுக்கு அணையில் தூண்டில் போடுவதுதான் உலகம். மீன்வளத் துறையில் உரிமம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிளம்பிவிடுவான். ‘நூல் சம்பந்தப்பட்டதெல்லாம் உங்க டிபார்ட்மெண்ட், அண்ணி’ என்று முடிச்சு வேலையை என் தலையில் கட்டியது அவன்தான். இப்போது நானும் ஒரு ராடு வைத்திருக்கிறேன், அது தனிக் கதை. இங்கே விழுவது பெரும்பாலும் கெண்டை. ஊட்டி ஏரியில் 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட கண்ணாடிக் கெண்டைதான் நீலகிரிக்கு அந்த இனத்தை அறிமுகப்படுத்தியது. மாமனாரும் இலங்கையிலிருந்து வந்தவர் என்பதால் மீனும் அவரும் ஒரே ஊர் என்று வீட்டில் கேலி ஓடும்.

சரி, டூலுக்கு வருவோம். முதலில் இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பிரெய்டு மெல்லிசு. பி.இ. என்பது பிரெய்டின் தடிமனைச் சொல்லும் எண், பி.இ. 1 என்றால் 0.165 மி.மீ.தான். இழுவைக்குத் துளியும் நீளாது, மீன் மோந்து பார்த்தாலே விரலில் தெரியும். ஆனால் கல்லில் உரசினால் பிசிறடித்து அறுந்துவிடும், தண்ணீரில் பளிச்சென்று தெரியவும் செய்யும். அதனால் முன்னால் கொஞ்ச தூரத்துக்கு ஃபுளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் நரம்பில் லீடர். அது ஒளியை வளைக்கும் அளவு நைலானைவிடத் தண்ணீருக்கு நெருக்கம், உரசலையும் தாங்கும். ஒன்று பட்டு மாதிரி வழுவழு, இன்னொன்று கம்பி மாதிரி விறைப்பு. இரண்டையும் சேர்க்கிற இடம்தான் எப்போதும் கைவிடும்.

டபுள் யூனி என்ற முடிச்சைப் போட்டால் இருட்டிலும் கட்டிவிடலாம். லீடரில் நாலு சுற்று, பிரெய்டில் எட்டு சுற்று, இரண்டையும் இழுத்து மோதவிட்டால் முடிந்தது. ஆனால் இரண்டு இழையும் மடிவதால் திரட்டு பெரிசாகும். வீசும்போது ராடு நுனி வளையத்தில் ‘டக்’ என்று இடிக்கும். எஃப்.ஜி.யில் லீடர் மடியவே மடியாது. நேராக நிற்கிற லீடரைப் பிரெய்டுதான் கவ்விப் பிடிக்கிறது. அதனால் முடிச்சு ஒல்லி, வளையத்தில் சத்தமில்லாமல் போய்வரும். அதற்கு ஒரே நிபந்தனை, பின்னுகிற நேரம் முழுக்கப் பிரெய்டு தளரவே கூடாது.

டூல் செய்வது அந்த ஒரு வேலையைத்தான், நன்றாகவே செய்கிறது. தையல் மெஷினில் பாபின் கேஸ் ஸ்குரூ நூலை ஒரே இறுக்கத்தில் விடுகிறதே, அதே சங்கதி. கையால் கட்டும்போது ஒரு முனையைப் பல்லில் கடித்து, இன்னொன்றைச் சுண்டுவிரலில் சுற்றி, கழுத்தை ஒடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஜனவரி காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும்போது விரல் நுனியில் உணர்ச்சியே இருக்காது. அந்த நேரத்தில் டூலை முழங்கால் இடுக்கில் வைத்து லீடரை மட்டும் மேலே, கீழே என்று மாற்றி மாற்றிக் கொண்டுபோவது பெரிய நிம்மதி. பி.இ. 1க்கு இருபது சுற்று வைக்கிறேன். பெட்டியில் வந்த படத்தாளில் பத்து என்று போட்டிருக்கிறது, அதை நம்ப வேண்டாம். இழை மெலிய மெலியச் சுற்று கூடத்தான் வேண்டும்.

இதற்கு மேல் டூலுக்கு வேலை இல்லை. முடிச்சின் உயிர் இருப்பதோ இதற்கு அப்புறம்தான். பின்னலை எச்சிலால் நனைத்து, பிரெய்டையும் லீடரையும் எதிரெதிராக இழுக்க வேண்டும். ‘எச்சில் வைச்சு இறுக்கு பிள்ள, தங்கூசி சூட்டுல வெந்துரும்’ என்பார் மாமனார். தங்கூசி என்பது நரம்புக்கு அவர் சொல். சரியான பேச்சு, உரசல் சூடு ஏறினால் இழை பலம் இழக்கும். வெறுங்கையில் இழுத்தால் பிரெய்டு சதையை அறுத்துவிடும். துண்டையோ குச்சியையோ சுற்றிக்கொள்ளுங்கள். இறுக இறுக, இளம்பச்சையாகத் தளர்ந்து கிடந்த சுற்றுகள் நெருங்கி வந்து, ஒரு கட்டத்தில் நிறம் சட்டென்று கருக்கும், ஈரத் துணி மாதிரி ஒரு கண்ணாடித்தன்மை வரும். பிரெய்டு லீடருக்குள் பதிந்துவிட்டது என்று அர்த்தம். நகத்தால் நெருடிப் பாருங்கள், ஒரு சுற்றுகூட நகரக் கூடாது. நகர்ந்தால் பிரித்துவிட்டு மறுபடி. அப்புறம் இரண்டு இழையையும் சேர்த்து அரை முடிச்சுகள், ஒன்று மேலிருந்து, ஒன்று கீழிருந்து. லீடர் மிச்சத்தை ஒட்ட வெட்டிவிட்டு, பிரெய்டின் மேலேயே இன்னும் மூன்று நாலு. லைட்டர் காட்டி நுனியை உருக்குகிறவர்கள் உண்டு. பக்கத்தில் இருக்கிற பிரெய்டு பாலிஎதிலீன், 150 டிகிரி வாக்கில் உருகிவிடும். எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

கொழுந்தன் ஒரு நாள் மீனை விட்டுவிட்டு, ‘லைன் மோசம் அண்ணி’ என்று வந்தான். பிரெய்டு நுனியைப் பார்த்தேன், சுருள் சுருளாக இருந்தது. கல்லில் அறுந்தால் பிசிறாக இருக்கும், சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கிக் கழன்றது. இறுக்காமல் விட்ட முடிச்சை எந்த டூலும் காப்பாற்றாது.

குறை என்றால் முதலில் அந்த ரப்பர். புது பிரெய்டில் மேல்பூச்சு இருக்கும், பிளவிலிருந்து நழுவும். பதினைந்தாவது சுற்றில் நழுவினால் அழுகைதான் வரும். சொருகுவதற்கு முன் டூலின் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டால் நிற்கிறது. நாளாக நாளாகப் பிளவு வாய் பிளந்துகொண்டும் வருகிறது, மாற்று ரப்பர் தருவதில்லை. கூடவே இருக்கிற வெட்டும் பிளேடு லீடரை வெட்டும், பிரெய்டைக் கடித்துக் குதறும். நான் கடையில் இருக்கிற நூல் கத்தரியைத்தான் எடுத்துப்போகிறேன். நீல நிறம் நல்ல யோசனை, புல்லில் விழுந்தாலும் கண்ணில் படுகிறது.

லீடர் நீளமாக, வளையங்களுக்குள் சுற்றி ஏறுகிற மாதிரி வைத்து ஸ்பின்னர் (தண்ணீரில் சுழலும் போலி இரை) வீசுகிறவர்களுக்குத்தான் எஃப்.ஜி.யின் அருமை தெரியும். மாவு உருண்டை போட்டு அடியில் கெண்டைக்குக் காத்திருக்கிறவர் என்றால், முழ நீள லீடர் வளையத்துக்குள் போகப்போவதே இல்லை. டபுள் யூனியே தாராளம், 380 ரூபாய்க்கு நல்ல தூண்டில் முள் வாங்குங்கள். வெட்டிப் போட்ட நரம்புத் துண்டுகளைக் கரையில் விடாமல் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்துவிடுங்கள், மாடு மேய்கிற இடம்.

ஐந்துக்கு மூன்றரை. ரப்பர் உருப்படியாக இருந்திருந்தால் நாலு கொடுத்திருப்பேன்.