10 கிராம் மோனோஃபிலமென்ட், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை: மரத்த காலைக் கண்டுபிடிக்கும் இரண்டு கருவிகள்

சர்க்கரை நோயில் எரிகிற கால் தானாகவே மருத்துவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். வலியே தெரியாமல் மரத்துப்போன கால்தான் ஆபத்து. செருப்புக்குள் கிடக்கும் கல்லை நாள் முழுக்க மிதித்தபடி நடக்கும். சாக்ஸில் ஈரம் பட்ட பிறகுதான் புண் இருப்பதே தெரியவரும். அந்தக் காலை முன்கூட்டியே பிடிக்கத்தான் மோனோஃபிலமென்ட் என்ற இந்த நைலான் இழை. அந்த ஒரு வேலையை இது நன்றாகச் செய்கிறது. அதற்கு மேல் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

கைப்பிடியில் செருகிய 38 மி.மீ. நீள இழை. தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் ஏறக்குறைய 10 கிராமில் வளைந்துவிடும். வளைந்த பிறகு தோலில் இறங்கும் விசை அதற்கு மேல் அதிகரிக்காது. சோதிப்பவர் கை கனமானதோ மென்மையானதோ, அளவு ஒன்றுதான். பெட்டியில் 5.07 என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அதே விசையை மடக்கை (log) கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

தடிமனும் நீளமும்தான் விசையைத் தீர்மானிக்கின்றன. நீளம் பாதியானால் வளைக்கத் தேவையான விசை நான்கு மடங்கு. எனவே நுனி பிசிறிவிட்டது என்று கத்தரியால் நறுக்கக் கூடாது. நறுக்கிய இழையை எறிந்துவிடலாம். வாங்கியதும் அளவு சரிதானா என்று பார்ப்பது சுலபம். எண்திரைத் தராசில் இழையை நேராக நிறுத்தி மெதுவாக அழுத்துங்கள். வளையத் தொடங்கும் கணத்தில் தெரியும் எண்தான் கணக்கு. புது இழை முதல் ஓரிரு முறை விறைப்பாக இருக்கும். இரண்டு தடவை வளைத்துவிட்டு அளந்து பாருங்கள். 9-க்கும் 11-க்கும் இடையே நின்றால் நல்ல இழை. 6 காட்டினால் நல்ல காலையும் மரத்த கால் என்று சொல்லி வீணாகப் பயமுறுத்தும். 14 காட்டினால் அதைவிட மோசம்: மரத்த காலுக்கு நல்ல பெயர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இழை களைத்தும் போகும். தொடர்ந்து 10 முதல் 15 பேரைச் சோதித்தால் அதற்கு 24 மணி நேரம் ஓய்வு வேண்டும்; 70 முதல் 90 பேருக்குப் பிறகு மாற்றிவிட வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால் மழைக்காலத்தில் இன்னும் இளகும். சும்மா வைத்திருக்கும்போதே வளைந்து நிற்கும் இழைகள் எத்தனையோ மேசை இழுப்பறைகளில் வருடக்கணக்காகக் கிடக்கின்றன. அவற்றால் எடுத்த முடிவுகளை நம்ப முடியாது. புண் உள்ள கால்களுக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையே சரி.

சோதிக்கும்போது முதலில் நோயாளியின் கையிலோ நெற்றியிலோ தொட்டுக் காட்டி, "இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். இடங்கள்: பெருவிரலின் அடிப்பக்கம், பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே பாதம் தரையில் ஊன்றும் மேடுகள். வைத்து, வளைத்து, எடுக்க மொத்தம் 2 விநாடி. இழையைத் தோலில் இழுக்கக் கூடாது, இழுத்தால் கூச்சத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். காய்ப்பு, தழும்பு, புண் மேல் வைக்காமல் ஓரத்தில் வையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்வி, அதில் ஒன்று தொடாமலேயே கேட்பது. இரண்டுக்குச் சரியான பதில் வந்தால் அந்த இடத்தில் பாதுகாப்பு உணர்ச்சி, அதாவது காயம் பட்டால் தெரியும் அளவு உணர்ச்சி, இருக்கிறது. தொடாமல் கேட்கும் அந்த ஒன்றைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் "ஆமாம், தெரியுது" என்று சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

இழைச் சோதனையில் தேறினால் நரம்பு நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. பாதிப்பு நன்கு முற்றிய பிறகுதான் 10 கிராம் தெரியாமல் போகும். இரவில் பாதம் தீயாய் எரியும் ஒருவர் இதில் முழு மதிப்பெண் வாங்கலாம், ஏனென்றால் வலியையும் சூட்டையும் சுமக்கும் மெல்லிய நரம்புகளை இது தொடுவதே இல்லை.

அதனால் கூடவே ஓர் இசைக்கவை வேண்டும்: தட்டினால் அதிரும், இரண்டு கைகள் கொண்ட உலோகக் கவை. 128 ஹெர்ட்ஸ் மட்டும். காது மருத்துவத்துக்கான 512-ஐத் தவறி வாங்கிவிடாதீர்கள். உள்ளங்கையின் அடிமேட்டில் தட்டி, காம்பின் அடியைப் பெருவிரல் நகத்துக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஊன்றுங்கள். "படுதா?" என்று கேட்காமல் "அதிருதா?" என்று கேளுங்கள். உலோகத்தின் குளிர்ச்சிக்கே பலர் தலையாட்டிவிடுவார்கள். இங்கேயும் அதிராத கவையை ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். விரலில் தெரியாவிட்டால் கணுக்காலுக்கு நகருங்கள். கவையின் இரு கைகளிலும் எடைக்கட்டியும் 0 முதல் 8 வரை அளவுகோலும் உள்ள வகை கிடைத்தால் அதையே வாங்கலாம், அடுத்த முறை ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும். கட்டிகளின் திருகு தளர்ந்தால் அதிர்வு சீக்கிரம் அடங்கிவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள். வயதானவர்களுக்கு நோயில்லாமலேயே காலில் அதிர்வுணர்ச்சி குறையும். அதையும் கணக்கில் வையுங்கள்.

நரம்பைப் பாதிக்கும் புற்றுநோய் மருந்துகளை (கீமோ) எடுப்பவர்களுக்கு இந்த 10 கிராம் இழையைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. வின்கிரிஸ்டின், பாக்லிடாக்செல் போன்ற மருந்துகளில் விரல் நுனி மரப்பும் சட்டைப் பொத்தான் போடும் தடுமாற்றமும் வரலாம். விரல் நுனிக்கு 10 கிராம் மிகப் பெரிய விசை. தொழுநோய்ப் பரிசோதனையில் பயன்படும், 0.05 கிராமில் தொடங்கி 300 கிராம் வரை போகும் ஆறு இழைத் தொகுப்பே அங்கே பொருத்தம். சிஸ்பிளாட்டின் என்றால் கவை உதவும். ஆனால் மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் பாதிப்பு கூடிக்கொண்டே போகக்கூடும் என்பதால், கடைசி டோஸோடு சோதனையை நிறுத்தக் கூடாது. ஆக்ஸாலிபிளாட்டினில் குளிர்ந்ததைத் தொட்டவுடன் வரும் ஊசிக்குத்தலை எந்த இழையும் காட்டாது; வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும்.

வீட்டில் பார்க்க நினைப்பவர் எதையும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் ஆள்காட்டி விரல் நுனியை அவருடைய இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளில் ஒன்றிரண்டு விநாடி மெல்ல வைத்தால் போதும், அழுத்தவோ தட்டவோ வேண்டாம். கண்ணை மூடியிருப்பவர் வலதா இடதா என்று சொல்ல வேண்டும். ஆறு விரலில் இரண்டு தெரியாவிட்டாலே அந்தக் காலை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.