மேப்பைக் காலால் நகர்த்தி மூன்றரை வருடம்

கணினியோடு இணைத்து, கீபோர்டு கீக்குப் பதிலாகக் காலால் மிதிக்கிற மூன்று பெடல் என்னிடம் இருக்கிறது, போன வாரம் அதன் இடது சுவிட்ச் போய்விட்டது. கடைக்காரர் ஒரு பழைய மவுஸிலிருந்து சுவிட்சைக் கழற்றிப் பற்றவைத்துத் தர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் வெறும் மவுஸோடு வேலை பார்த்ததில் வலது மணிக்கட்டு வலி பழையபடி திரும்பி வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நண்பன் ஒருவன் கேட்டான்: "மாப்ள, கையை அசைச்சா மேப் நகருமே, உன்கிட்ட இருக்குற அந்த லீப் மோஷன் கருவி, பழசு ஒண்ணு சல்லிசா வருது, வாங்கவா?" அவனுக்கு எழுத ஆரம்பித்து நீண்டுவிட்டது, அதனால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன்.

என் வேலை கண்மாய் வரைவது. செயற்கைக்கோள் படத்தை க்யூஜிஐஎஸ் என்கிற மேப் மென்பொருளில் விரித்துவைத்து, கரை, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு, தண்ணீர் வரும் வரத்துக்கால் என்று புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போகவேண்டும். ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் மாதிரி பெரியது வந்தால், சீமைக்கருவேலம் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடும் அளவுக்குப் பெரிதாக்கும்போது திரையில் அதன் ஒரு துண்டுதான் நிற்கும். பத்துப் புள்ளி வைப்பதற்குள் படத்தை நகர்த்தியாகணும், மறுபடி பத்துப் புள்ளி, மறுபடி நகர்த்தணும், ஒரு நாளில் இது எத்தனை நூறு தடவை என்று எண்ணியதில்லை, மணிக்கட்டுதான் எண்ணிக்கொண்டிருந்தது.

க்யூஜிஐஎஸ்ஸில் ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டு மவுஸை அசைத்தால் படம் கூடவே நகரும். வரைந்துகொண்டிருக்கும் எல்லைக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஸ்பேஸைத்தான் இடது பெடலுக்குக் கொடுத்தேன். காலை அழுத்தினால் படம் கையோடு வருகிறது, காலை எடுத்தால் நிற்கிறது, விட்ட இடத்திலிருந்து அடுத்த புள்ளி. வலது பெடலில் கண்ட்ரோல். அதை மிதித்தபடி மவுஸ் சக்கரத்தைச் சுற்றினால் படம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். நடுப்பெடலில் பேக்ஸ்பேஸ் வைத்தது என் தப்பு. யோசனையில் காலை அதன்மேல் ஊன்றிவிட்டேன், அரைமணி நேரமாக வைத்த புள்ளிகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அன்றிலிருந்து நடுப்பெடல் சும்மாதான் கிடக்கிறது.

இன்னொன்று, குதிகால் அந்தரத்தில் தொங்கக்கூடாது. முதல் மாதம் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் அப்படி ஒரு வலி. பெடலுக்கு முன்னால் அதே உயரத்துக்கு ஒரு மரப்பலகையைப் போட்டுக் குதிகாலை அதில் ஊன்றியதும் வலி போய்விட்டது. பலகையும் பெடலும் மொசைக் தரையில் வழுக்காமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் விரிப்பு.

காலையும் மேப்புக்குப் பயன்படுத்தலாம் என்பது புது யோசனை இல்லை. 2009-லேயே ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிய தொடுதிரை ஒன்றோடு நின்டென்டோவின் வீ பேலன்ஸ் போர்டு என்ற விளையாட்டுப் பலகையைச் சேர்த்து, அதன்மேல் நின்று உடம்பைச் சாய்த்தால் மேப் நகரும்படி செய்தார்கள். துல்லியமான வேலை கைக்கு, நகர்த்துவது காலுக்கு. பெடல் வாங்கிப் பல மாதம் கழித்துத்தான் இதைப் படித்தேன், என் கால் ஏற்கெனவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, நண்பன் கேட்ட கைக் கருவி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், உள்ளே இரண்டு கேமரா, மூன்று அகச்சிவப்பு விளக்கு. மேசையில் வைத்து மேலே உள்ளங்கையைக் காட்டினால் கூகுள் எர்த்தில் பறக்கலாம். பத்து நிமிடத்தில் தோள் கடுக்க ஆரம்பிக்கும். மேற்கு ஜன்னலைத் திறந்துவைத்திருந்தால் சாயங்கால வெயிலில் அதற்குக் கையே தெரியாது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் மன்னிக்கவே முடியாதது, நிறுத்துவதற்காகக் கையை எடுத்தால், எடுக்கிற அசைவையும் அது ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்வதுதான். மடையடியில் கொண்டுபோய் நிறுத்தினேன் என்று கையை எடுத்தால் படம் அடுத்த ஊரில் நிற்கிறது. மவுஸைத் தூக்கி வேறிடத்தில் வைக்கலாம், பெடலிலிருந்து காலை எடுக்கலாம். காற்றில் இருக்கும் கையை எங்கே இறக்கிவைப்பது? இதை வடிவமைத்தவர்கள் ஒரு நாள் முழுக்க இதை வைத்து வேலை பார்த்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டார்கள் என்று இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மவுஸைத் தொடவே தொடாத என் அப்பாவை அதன்முன் உட்காரவைத்தேன். வருசநாட்டு மலையில் விட்டதும் உள்ளங்கையைத் தாழ்த்தி மெல்ல இறங்கினார். வைகை அணை, சோழவந்தான், மதுரை, மானாமதுரை. ஆறு வளைகிற இடத்தில் கையோடு தோளும் சாய்ந்தது. கை கடுத்ததும் ஒன்றும் சொல்லாமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பரமக்குடி தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை வைகையோடு அப்படியே வந்துவிட்டு, "இன்னொரு தடவை மேல இருந்து விடுப்பா" என்றார். மூன்றரை வருடமாக ஒவ்வொரு நாளும் என் கையைக் காப்பாற்றும் பெடலைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதனால் மாப்ள, வேலைக்கு என்றால் மூன்று பெடல் உள்ள யுஎஸ்பி பெடலை வாங்கு, பலகையை மறக்காதே. கைக் கருவியை எவ்வளவு சல்லிசாக வந்தாலும் வாங்காதே. அப்புறம், என்னுடையதை விலைக்குத் தருகிறாயா என்று மட்டும் கேட்டுவிடாதே, தரமாட்டேன்.