ஏழு வருடம், ஐந்து சார்ஜர்: காரின் 12 வோல்ட் சாக்கெட்டோடு என் அனுபவம்

கார் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. எஞ்சின், கியர், ஏசி எதிலும் சொல்லும்படியான தொந்தரவு இல்லை. விடாமல் படுத்தியது கியர் லீவருக்கு முன்னால் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்தான்.

முதல் வருடமே ஆரம்பித்துவிட்டது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் போன் சார்ஜ் ஆவது நின்றுவிடும், அடுத்த பள்ளத்தில் மறுபடி ஏறும். சார்ஜர்தான் மட்டம் என்று நினைத்து மூன்று மாற்றினேன். எதுவும் நிலைக்கவில்லை. ஒருமுறை சார்ஜரை இழுத்தபோது அதன் மூக்குத் திருகு கழன்று, முனையும் ஸ்பிரிங்கும் சாக்கெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன.

காரணம் புரிய நாளாயிற்று. இந்தச் சாக்கெட்டின் வடிவமே சிகரெட் லைட்டருக்காக வந்தது. அடியில் இருக்கும் தகடு பாசிட்டிவ், சுற்றுச்சுவர் நெகட்டிவ். பிளக்கின் மூக்கிலுள்ள ஸ்பிரிங் அடித்தகட்டில் முட்டி, பிளக்கை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதை உள்ளே பிடித்து நிறுத்துவது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சின்னத் தகடுகள் மட்டுமே. வீட்டு பிளக் மாதிரி எதுவும் கவ்விப் பிடிப்பதில்லை. போதாததற்கு உள்விட்டம் சுமார் 21 மி.மீ. என்றாலும், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இரண்டு அளவுகள் புழக்கத்தில் உண்டு. ஒரு வண்டியில் இறுக்கமாக நிற்கும் பிளக் இன்னொன்றில் ஆடும்.

மூன்றாம் வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, விக்கிரவாண்டி டோல் தாண்டியதும் பின் டயரில் காற்று இறங்கியிருந்தது தெரிந்தது. சாக்கெட்டில் ஏற்கெனவே, ஒன்றை மூன்றாகப் பிரிக்கும் மூன்று வழி அடாப்டர் மாட்டியிருந்தேன். காற்றடிக்கும் பம்பை அதிலேயே செருகினேன். ஐந்து நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகளை முதலில் இறக்கிவிட்டுத்தான் பிளக்கைத் தொட்டேன். விரல் சுட்டது, மூக்குப் பக்கம் இளகிச் சாய்ந்திருந்தது.

அப்போது எனக்கு வந்த சந்தேகம், ஃப்யூஸ் ஏன் போகவில்லை என்பது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பம்ப் இழுப்பது சுமார் 10 ஆம்பியர், என் வண்டியின் ஃப்யூஸ் 15 ஆம்பியர். ஃப்யூஸைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் லூஸ் கான்டாக்டில் 0.1 ஓம் தடை வந்தாலே, 10 ஆம்பியர் ஓடும்போது அந்த நகக்கண் அளவு இடத்தில் 10 வாட் சூடு கிளம்பும். லூஸ் கான்டாக்டால் மின்னோட்டம் கூடுவதில்லை, சூடுதான் கூடுகிறது. அதை ஃப்யூஸ் தடுக்காது. 'ஃப்யூஸ் இருக்கிறதே, பயமில்லை' என்று நினைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஃப்யூஸ் போன கதையும் உண்டு. ஒரு ரூபாய் நாணயம் உள்ளே விழுந்து ஷார்ட் ஆகிவிட்டது. எலக்ட்ரீஷியன், "20 போட்டுடலாம் சார், அடிக்கடி போகாது" என்றார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, அதே 15 போடவைத்தேன். சாக்கெட்டுக்குப் போகும் ஒயரைக் காப்பாற்றத்தான் அந்த அளவு. பெரிய ஃப்யூஸ் போட்டால் முதலில் உருகுவது ஒயராக இருக்கலாம்.

இப்போது ஏற்பாட்டை மாற்றிவிட்டேன். மூன்று வழி அடாப்டர் குப்பைக்குப் போனது. பயணத்தைப் பதிவுசெய்யும் கேமராவான டாஷ்கேமுக்கு ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து தனி லைன். பம்ப் வாங்கும்போது பேட்டரியில் நேராகக் கடிக்கும் கிளிப் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். சாக்கெட்டில் போன் சார்ஜர் மட்டும்தான். அதையும் வெளியே நீட்டிக்கொண்டிராத குட்டை உடம்பாக, பக்கத்தகடு அகலமாக இருப்பதாகத் தேர்ந்தெடுத்தேன். நீளமாக நீட்டியிருப்பவை குலுங்கிக் குலுங்கியே தளர்ந்துவிடுகின்றன. வாட் கணக்கை விட எனக்கு இந்தப் பிடிமானம்தான் முக்கியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் உள்சுவரைக் கான்டாக்ட் கிளீனர் தொட்ட துணியால் துடைக்கிறேன். கறுப்பாக வரும்.

இந்த ஐந்தாவது சார்ஜர் இரண்டரை வருடமாக ஓடுகிறது. போன தீபாவளிக்கு மதுரை போய்வந்தபோது ஒருமுறைகூடச் சார்ஜ் ஆவது நிற்கவில்லை. அரைமணி ஓட்டம் கழித்துத் தொட்டால் வெதுவெதுப்புதான். ஒரு பக்கத்தகடு மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அதை நெம்பிச் சரிசெய்யப் போவதில்லை, அடுத்த மாதம் மாற்றிவிடுவேன்.