ரப்பர் பூதமும் டாக்டர் போலியும்: 'கார்காயில்ஸ்' (1972)

நாடகத்துக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் வேஷ உடை தைத்து வாடகைக்கு விடுவது என் தொழில். சிங்கம், கரடி, கொரில்லா எல்லாம் கடையில் வரிசையாகத் தொங்கும். அதனால் பேய்ப் படத்தில் மற்றவர்கள் கண்ணை மூடும் இடத்தில் நான் பூதத்தின் அக்குளைப் பார்ப்பேன். ரப்பர் உடை முதலில் பல்லிளிப்பது அங்கேதான்.

'கார்காயில்ஸ்' அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 1972 நவம்பரில் ஒளிபரப்பிய படம். கார்காயில் என்றால் ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் கூரை ஓரம் குந்தியிருந்து மழைத்தண்ணீரைக் கக்கும் கல் பூதம். நம் கோயிலில் கோமுகி செய்கிற வேலைதான், முகம் மட்டும் கோரம். அந்தச் சிலைகளுக்கு மூலமான உயிர்கள் நிஜமாகவே இருந்து, நூற்றாண்டுகள் கழித்து முட்டையிலிருந்து மறுபடி கிளம்பி வந்தால்? இதுதான் கதை.

பாலைவனத்தில் மகள் டயானாவோடு காரில் வரும் ஆராய்ச்சியாளர் பெயர் டாக்டர் போலி. நான் வைத்த பெயர் இல்லை, படத்திலேயே அப்படித்தான். கார்னல் வைல்ட் நடித்திருக்கிறார். வழியில் ஒரு கிழவர் தன் கொட்டகையில் கொம்பு வைத்த எலும்புக்கூட்டைக் காட்டுகிறார். இருட்டியதும் கொட்டகையை ஏதோ பிய்க்கிறது. கிழவர் போய்ச் சேர, மண்டை ஓடு இவர்களோடு காரில் வருகிறது. அப்புறம் காரின் கூரையில் தொம்மென்று ஒரு சத்தம், தகரத்தைக் கிழிக்கும் நகம். படத்தின் உண்மையான பயம் இந்த முதல் பகுதியில்தான். போலீஸ் வந்து பைக் ஓட்டும் இளவட்டங்களைப் பிடித்துப் போவதெல்லாம் நேரம் கடத்தல்.

சரி, உடைக்கு வருகிறேன். ஸ்டான் வின்ஸ்டன், எல்லிஸ் பர்மன், டெல் ஆம்ஸ்ட்ராங் மூவரும் இந்த ஒப்பனைக்காக அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் தரும் எம்மி விருது வாங்கினார்கள். பின்னாளில் 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களைச் செய்த அதே வின்ஸ்டன்தான். ஒன்றுக்கு அலகு, ஒன்றுக்குக் கொம்பு, இன்னொன்றுக்குப் பல்லி மூஞ்சி. பத்துக் கரடிக்கும் ஒரே அச்சு போடுகிற எனக்கு வெட்கமாகிவிட்டது. எடுத்தது நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் பக்கம், வெயில் காய்கிற ஊர். போன மார்ச்சில் ஒரு விழாவில் என் கரடிக்குள் இருந்த பையன் மயங்கி விழுந்தான். அன்றிலிருந்து வாய்க்குள் வலை வைத்துத்தான் தைக்கிறேன். இந்த நடிகர்கள் எப்படித் தாங்கினார்களோ!

பூதங்கள் வரும்போதெல்லாம் படம் ஸ்லோ மோஷனுக்குப் போய்விடுகிறது. காரணம் எனக்குப் புரிகிறது. இந்த உடையோடு ஓடினால் முழங்காலுக்குப் பின்னால் சுருக்கம் விழும், ஆளும் பொம்மை மாதிரித் தெரிவார். மெதுவாகக் காட்டினால் ஒரு கனம் வந்துவிடும். முதல் இரண்டு தடவை நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவது தடவை எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன், சண்டை இன்னும் முடியவில்லை.

தலைவன் பூதமாக வருபவர் பெர்னி கேசி, முன்பு தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர். அந்த உயரமும் தோளும் இல்லாவிட்டால் றெக்கை எடுபட்டிருக்காது. குகைக்குத் தூக்கிப்போன டயானாவைக் கொல்லாமல், புத்தகம் படித்துக் காட்டச் சொல்கிறான். மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை. அவனுடைய பெண் பூதத்துக்கு அதில் பொறாமை வேறு! ஒன்றேகால் மணி நேரப் படத்தில் இப்படி ஒரு காட்சியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பறப்பதாகக் காட்டும் இடம் மட்டும் சுமார். காசு தீர்ந்துவிட்டது போல.

இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டு, அவன் தோளில் றெக்கை சேரும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தையல் எங்கே என்று பிடிபடவில்லை.