நாலு மணிப் பசிக்கு எது தாங்கும்? சுண்டல், பிஸ்கட், மிக்சர், பொரி: ஒரு அலசல்

மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஏழெட்டு மணி நேரம் இடைவெளி விழுகிற வீடுகளில், மாலையில் தின்பதுதான் இரவில் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு கைப்பிடி, ஒரு பாக்கெட் என்று ஒப்பிட்டால் கணக்கு ஏமாற்றிவிடும். எல்லாவற்றையும் ஒரே 150 கலோரிக்குக் கொண்டுவந்து, தட்டில் எவ்வளவு விழுகிறது, வயிற்றில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்போம்.

மேரி பிஸ்கட் என்றால் ஆறு. புரதம் இரண்டரை கிராம் தேறும். நார்ச்சத்து பேருக்குத்தான் இருக்கும். சர்க்கரை ஏழெட்டு கிராம். டீயில் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை (10 கிராம், 40 கலோரி) தனிக் கணக்கு. மைதாவும் சர்க்கரையும் வாயிலேயே கரைந்துவிடுவதால், மெல்லும் வேலையே இல்லாமல் உள்ளே போய்விடுகிறது. க்ரீம் பிஸ்கட் என்றால் மூன்றிலேயே 150 கலோரி வந்துவிடும். மூன்றோடு நிறுத்துபவர் யார்?

மிக்சர் 30 கிராம்கூட வராது, ஒரு சிறு கைப்பிடிதான். அதில் கிட்டத்தட்ட 10 கிராம் எண்ணெய். கடலை மாவில் செய்தது, அதனால் புரதம் இருக்கும் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் 30 கிராமில் கிடைப்பது மூன்று, நான்கு கிராம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எண்ணெயும் உப்பும் சேர்ந்தே ஏறும்.

அதே 150 கலோரிக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை 40 கிராம் எடுத்து ஊறவைத்து வேகவைத்தால் சுமார் 90 கிராம், அரைக் கப்புக்குச் சற்று மேல் வரும். புரதம் எட்டு கிராம், நார்ச்சத்து ஏழு கிராம். தோலோடு இருப்பதால் மென்றுதான் தின்ன வேண்டும், மெதுவாகத்தான் செரிக்கும். அவித்த முட்டை இரண்டு என்றால் புரதம் 12 கிராம். நார்ச்சத்து இல்லை, கூட ஒரு வெள்ளரிக்காயோ கொய்யாவோ வைத்தால் சரியாகிவிடும்.

பசி தாங்குவதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை 240 கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் கால் மணிக்கொரு முறை பசியைக் கேட்டுக் குறித்தார்கள். எண் கூடக் கூட வயிறு நிறைந்த உணர்வு அதிகம். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் அவித்த உருளைக்கிழங்குக்கு 323, க்ரோசான்ட்டுக்கு (வெண்ணெய் சேர்த்த பிரெஞ்சு பன்) 47. இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது வேர்க்கடலை: அதற்கு 84தான். சத்தில் குறையில்லை, ஆனால் கலோரி அடர்த்தி அதிகம், 240 கலோரிக்குக் கிடைப்பது ஒரு சிறு கைப்பிடி. அதனால் வறுத்த கடலையைப் பொட்டலமாக மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்ப்பது வேண்டாம். தோலோடு அவித்துத் தின்றால், உரிக்கிற நேரமும் சேர்ந்து அளவு தானாகக் கட்டுக்குள் நிற்கும்.

பொரி தனியாகத் தின்றால் ஏமாற்றம்தான். 15 கிராம் பொரி கிண்ணத்தை நிரப்பும், ஆனால் 60 கலோரிகூட வராத வெறும் அரிசி. அரை மணியில் மறுபடி பசிக்கும். அதோடு 20 கிராம் பொட்டுக்கடலை, பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, எலுமிச்சைச் சாறு கலந்தால் கதை மாறிவிடும். கலந்த உடனே தின்ன வேண்டும். பத்து நிமிடம் வைத்தால் நமுத்துவிடும்.

ராகி, ஓட்ஸ் என்று முகப்பில் பெரிதாகப் போட்ட பிஸ்கட்டுக்கு ஒரு சோதனை. பாக்கெட்டைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. மைதா, சர்க்கரை, பாமாயில் என்று ஆரம்பித்து ராகி நாலாவதாக வந்தால், அது ராகி படம் போட்ட மைதா பிஸ்கட்.

சுண்டல் தோற்கும் இடம் ஒன்றே, முன்யோசனை. காலையில் ஊறப்போடாதவருக்கு மாலையில் சுண்டல் இல்லை. நாலு பேருக்கு 160 கிராம் கொண்டைக்கடலை, மூன்று மடங்கு தண்ணீர், எட்டிலிருந்து பத்து மணி நேரம். கோடையில் அதற்கு மேல் வெளியே வைத்தால் நுரைத்துப் புளிக்கும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கு அதோடு போய்விடும். புதுத் தண்ணீர் கடலைக்கு மேல் ஒரு அங்குலம் நிற்கட்டும், உப்பு போட்டு ஐந்தாறு விசில், ஆவி தானாக அடங்கட்டும். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும்.

எத்தனை விசில் விட்டும் கல்லாகவே இருந்தால், ஒன்று பழைய சரக்கு, இல்லையென்றால் போர்வெல் தண்ணீர். அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியம் தோலை இறுக்கிவிடும். ஊறும்போது கால் ஸ்பூன் சமையல் சோடா போட்டு, வேகவைக்குமுன் நன்றாக அலசினால் சரியாகும். சோடா கூடினால் சோப்பு வாடை வரும்.

வெந்ததை நன்றாக வடித்துவிட்டுத் தாளியுங்கள். ஈரம் நின்றால் சொதசொதத்துச் சீக்கிரம் கெடும். நாலு பேருக்கு இரண்டு ஸ்பூன் எண்ணெய் போதும், தலைக்கு 20 கலோரிக்குச் சற்று மேல். தேங்காய்த் துருவல் அடுப்பை அணைத்தபின். டப்பாவில் கட்டிக் கொடுப்பதென்றால் தேங்காயே வேண்டாம், நாலைந்து மணி நேரத்தில் ஊசிப்போகும்.

டீ? சுண்டலோடு சேர்த்துக் குடித்தால் டீயிலுள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருள் கடலையின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் சுண்டல், ஒரு மணி நேரம் கழித்து டீ. இரத்தசோகை உள்ளவர்கள் சுண்டலில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம், இரும்பு உள்ளே போக அது உதவும்.